கரையைத் தொட்ட தண்ணீர்

கோரிமேட்டில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணின் கணவர், வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி, என்னிடம் முதலில் கேட்டதே, "கிழக்கு எந்தப் பக்கம் சார்?" என்றுதான். காட்டினேன். கட்டிலின் வடகிழக்கு மூலையில் தண்ணீர் பாட்டிலை வைத்தார். தரை துடைக்கிறவர்கள் நகர்த்தினால், திரும்ப அங்கேயே வைப்பார். மெலிந்த மனிதர். நகக்கண்ணில் போகாத மண்.

ஒருநாள் நல்ல மழை. அவர் மனைவி கேட்டாள்: "நம்ம குட்டை ரொம்பிடுச்சா?"

"கரையத் தொட்டுக்கிட்டு நிக்குது" என்றார். அவள் சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "பொய் சார். மழைத்தண்ணி சேர நாங்க ரெண்டு பேருமா வெட்டுன குட்டை. எங்க நெலத்துல தென்மேற்குதான் பள்ளம். அங்க குழி இருந்தா வீட்டுப் பொம்பளைக்கு ஆவாதுன்னு வாஸ்து பாக்கறவரு சொன்னாரு. இவ படுத்ததும் மூடிட்டேன். வடகிழக்குல, ஈசானிய மூலையில வேற வெட்டுனேன். அது மேடு. சொட்டுத் தண்ணி நிக்கல."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"எப்படிச் சொல்றது?"

மறுவாரம், இனி அவளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். குணமாகிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆட்டோவ குட்டைப் பக்கமா விடச் சொல்லுய்யா. பாத்துட்டு வூட்டுக்குப் போலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து அவர்கள் பையைக் கட்டினேன்.

பாட்டிலை அவர் எடுத்துப் போகவில்லை. ஆட்டோக்காரரிடம் எந்த வழியைச் சொன்னாரோ, மழை வரும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறேன்.