ஜக்கம்மா பெயரில் என் அம்மா சொன்ன பதில்கள்

ஹேமாவதி அக்கா பூச்சியியலில் எம்.எஸ்சி. முடித்தவர். ஏலச்செடியைத் துளைக்கும் புழுவைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசுவார். அவர் மானிடவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கோம்பையில் எங்கள் தெருவே கேள்வி கேட்டது. அப்படியென்றால் என்ன, படித்தால் வேலை கிடைக்குமா என்று.

அவருடைய அப்பா கர்ணன் பெரியப்பா, திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டே சொன்னார். "மனுசனப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் எதுக்கு? உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல ஒரு வாரம் நின்னாப் போதாதா?"

"அங்கன நின்னதுலதாம்ப்பா கேள்வியே கூடிப்போச்சு," என்றார் அக்கா.

ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கடைசி நாள் டிசம்பர் பதினைந்து. படித்த பாடத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே வருகிறாய் என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஆசிரியர்களிடமிருந்து இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். அக்கா மானிடவியலில் ஒரு தாள்கூடப் படித்ததில்லை. அவர் கையில் இருந்தது எம்.எஸ்சி. ஆய்வுக்காக எடுத்த கணக்கெடுப்பு மட்டும்தான். ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் நூற்றிருபது பெண்களிடம், பூச்சிமருந்தால் என்ன தொந்தரவு என்று முப்பத்துநான்கு கேள்விகள் கேட்டிருந்தார். மனிதர்களிடம் கேட்டு எழுதிய அனுபவம் எனக்கு உண்டு என்று சொல்ல அது ஒன்றே ஆதாரம்.

நவம்பரில், அந்தப் பெண்களில் ஒருவருடைய வார்த்தையை அறிக்கையில் அப்படியே சேர்க்க நினைத்தார். நாற்பத்தேழாம் படிவத்தை எடுத்துக்கொண்டு, அதில் பெயர் இருந்த பக்கத்துத் தெரு ஜக்கம்மா அத்தை வீட்டுக்குப் போனார். நானும் போனேன். பிளஸ் டூ முடித்துவிட்டு எதில் சேருவது என்று முடிவாகாத வருடம் அது. யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே தாயி," என்றார் ஜக்கம்மா அத்தை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, மே மாசம். மதியச் சாப்பாட்டு நேரத்துல என் பிரண்டு வந்து கேட்டிருக்காளே."

"மே மாசமா? வீரபாண்டிக் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்க விரதம்ல இருந்தேன். அந்த வாரம் பூரா மலைக்கே போகல. இந்தா நிக்கிறாளே, இவ ஆத்தாதான் எனக்குப் பதிலாப் போனா."

எங்கள் ஊர் ஜீப்பில் இடம் ஆளுக்கு அல்ல, நோட்டில் இருக்கும் பெயருக்குத்தான். ஒருவரால் போக முடியாவிட்டால், வேலையில்லாமல் இருக்கும் வேறொருவரை அனுப்புவார். ஆள் மாறினாலும் பெயர் மாறாது. டிரைவர் ஒச்சாண்டி நோட்டைப் பார்த்து "ஜக்கம்மா" என்றால் என் அம்மா "இருக்கேன்" என்பார். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை.

தெரிந்தவர்களிடம் நீயே கேட்டால் பதில் சாய்ந்துவிடும் என்று அக்காவின் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதனால் கோம்பை ஜீப்புப் பெண்களிடம் கேட்கும் வேலையை மட்டும் அக்கா ஒரு வெளியூர்த் தோழியிடம் கொடுத்திருந்தார். அந்தத் தோழி ஒச்சாண்டியின் நோட்டை வாங்கி, அதிலிருந்த பெயர்களைக் கூப்பிட்டே கேள்வி கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு வந்தோம். என் அம்மா மொக்கம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் சின்னம்மா உங்க பேரச் சொல்லல?" என்று கேட்டார் அக்கா.

"ஜக்கம்மா யாருன்னுதான கேட்டுச்சு அந்தப் புள்ள. அன்னைக்கு நாந்தான ஜக்கம்மா."

"கண்ணு எரியுதுன்னு எழுதியிருக்கே, உங்களுக்கா எரியுது?"

"எனக்கு எதுக்கு எரியுது? அவளுக்குத்தான் எரிச்சல். அவளக் கேட்டா என்ன சொல்லுவாளோ அதச் சொன்னேன்."

படிவத்தின் கீழே கைநாட்டு இருந்தது. என் அம்மா எட்டாவது வரை படித்தவர்.

"உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதுல்ல," என்றார் அம்மா. "இம்புட்டுப் படிச்சிருக்க, இது தெரியலையா?"

அதன்பின் அக்கா மற்ற ஜீப்புகளின் ஊர்களுக்கும் சேர்த்து வீடு வீடாகப் போனார். நூற்றிருபதில் பத்தொன்பது படிவங்கள் இப்படி வேறொருவர் சொன்னவை. ஜக்கம்மா அத்தையிடம் முப்பத்துநான்கு கேள்விகளையும் திரும்பக் கேட்டார். முப்பத்தொன்றுக்கு என் அம்மா சொன்ன பதிலே வந்தது. மீதி மூன்றில் ஒன்றுக்கு, உண்மை தெரிந்தே அம்மா மாற்றிச் சொல்லியிருந்தார்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "ஆனா அவ வெளியூர் ஆளுகிட்டச் சொல்ல மாட்டா. அதான் நானும் சொல்லல."

அது எந்தக் கேள்வி என்று நானும் இங்கே எழுதவில்லை.

படிக்க வேண்டியது இதைத்தான் என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு எவ்வளவு தெரியும், அதில் எதைச் சொல்லலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள். ஆனால் இதை எழுதினால் தன் ஆய்வு பிழையானது என்று தானே எழுதிக் கொடுத்ததாகும். வழிகாட்டியான பேராசிரியர் சுயம்புலிங்கத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த ஆய்வு நல்லா இருக்குன்னு என் கடிதம் சொல்லும். தப்புன்னு உன் அறிக்கை சொல்லும். ரெண்டும் ஒரே இடத்துக்குப் போகுதேம்மா," என்றார் அவர். கடிதம் தருவதாகவும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கர்ணன் பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. "புழுவ எண்ணத் தெரிஞ்சவளுக்கு ஆள எண்ணத் தெரியலையாக்கும்," என்றார்.

அக்கா இரண்டு அறிக்கைகள் எழுதினார். முதலாவதில் கணக்கெடுப்பு சரியாக நடந்திருந்தது. இரண்டாவதில் பத்தொன்பது படிவங்களும் வந்தன. பதினான்காம் தேதி இரண்டாவதை அனுப்பினார். பேராசிரியரின் கடிதம் கடைசி நாள் மாலையில் போய்ச் சேர்ந்தது. அதில் என்ன இருக்கிறது என்று விண்ணப்பித்தவர் பார்க்க முடியாது.

நான்கு இடங்களில் இல்லை என்றார்கள். முதுகலையில் மானிடவியல் இல்லை என்பது இரண்டு இடங்கள் சொன்ன காரணம். மற்ற இரண்டும் காரணம் சொல்லவில்லை. ஐந்தாவது மட்டும் வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அக்கா வீட்டில் நெட் நிற்காததால் என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து, நானும் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

எதிரே மூன்று பேர். ஓர் அம்மையார் கேட்டார். "ஜக்கம்மாவுக்குப் பதிலாகப் பேசியவர் மாற்றிச் சொன்ன கேள்வி எது?"

"ஜக்கம்மாவிடம் அனுமதி கேட்டேன். வேண்டாம் என்றார். அதனால் சொல்ல முடியாது."

"சொல்லாவிட்டால் நாங்கள் எப்படி உங்களை மதிப்பிடுவது?"

அக்கா தண்ணீர் குடித்தார். "ஒருவர் சொல்லமாட்டார் என்று தெரிந்து இன்னொருவரும் சொல்லாமல் இருந்தார். நான் படிக்க நினைப்பது அதைத்தான். இன்று நான் சொல்லிவிட்டால், நாளை அங்கே போய்க் கேட்க எனக்கு முகம் இருக்காது."

அந்த அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார். "அந்தப் பத்தொன்பதைத் தானும் கவனிக்கத் தவறியதாக உங்கள் பேராசிரியர் எழுதியிருக்கிறார்."

நேர்காணல் முடிந்ததும், "கெடுத்துட்டேன்டி," என்றார் அக்கா.

ஏப்ரலில் மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்திருந்தது. முதல் வருடம் எம்.ஏ. மாணவர்களோடு உட்கார்ந்து இரண்டு அடிப்படைத் தாள்களை எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அக்கா முதலில் ஜக்கம்மா அத்தையிடம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கன ஒரு நாள் உன்னால போக முடியலைன்னா யாரை அனுப்புவ?" என்றார்.

"அங்கன ஆள் மாத்த முடியாது சின்னம்மா."

"அப்ப லீவு போடாம இரு," என்றார் அம்மா.