ரீத்தா அக்காவின் சிவப்பு அம்பு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலையில் ரீத்தா அக்கா இருபத்தொரு வருடம் இருந்தார். கோளாறு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். என்ன கோளாறு என்று எழுத மாட்டார். பழுது பார்ப்பவர்களுக்கு அம்பே போதும். போன வருடம் சர்க்கரை நோயில் வலது காலை எடுத்தார்கள். வேலை போனது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டுக்கு லிஃப்ட் உண்டு. ஆனால் வாசலில் நாலு படி. அக்கா சர்ச்சுக்குக் கிளம்பினால் அடுத்த வீட்டுக்காரர்களான நானும் என் தம்பி தயாளனும் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குவோம். அப்போதெல்லாம் அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

வாசலில் சாய்தளம் கட்டப்போவதாக நிர்வாகம் ஒரு லிங்க் அனுப்பியது. தட்டினால் வரைபடம் பிரவுசரிலேயே திறக்கும். யார் வேண்டுமானாலும் அதன்மேல் குறி போடலாம், கருத்து எழுதலாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை கெடு. அக்கா உற்றுப் பார்த்து, கதவருகே ஒரே ஒரு சிவப்பு அம்பு போட்டார். "முடிஞ்சது லா" என்று லேப்டாப்பை மூடினார்.

வெள்ளிக்கிழமை நாலரைக்குப் பதில் வந்தது: கருத்து எதுவும் எழுதாவிட்டால் ஐந்து மணிக்குக் குறி நீக்கப்படும்.

"அக்கா, வெறும் அம்பு போட்டா அவங்களுக்கு என்னா தெரியும்?"

"அதான் காட்டிட்டேனே வாசு. கண்ணு இல்லையா?"

"எனக்கே தெரியலையே."

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "சாய்தளத்துக்கு மேல கதவு வெளிய தொறக்குது. அங்க நிக்க சமமா எடம் இல்ல. ஒரு கையில கதவ இழுத்தா சக்கரத்த யாரு புடிப்பா? பின்னாலயே உருண்டு ரோட்டுக்குப் போயிருவேன்."

லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். "இதையே எழுதுங்க, இப்பவே."

ஒற்றை விரலால் மலாயில் தட்டினார். நாலே முக்கால். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. எழுதி அனுப்பியதுதான் தாமதம், திரையில் 'அஃபிக்' என்ற பெயரோடு ஒரு குட்டிக் கர்சர் முளைத்தது. வரைபடம் போட்டவரேதான். அது கதவைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு வரி: எத்தனை அடி வேண்டும்?

நான் அளவு டேப்போடு பாய்ந்தேன். அக்கா வரவேற்பறையில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஐந்து அடி.

எங்கள் கண் முன்னாலேயே நீலக்கோட்டில் கதவு உள்பக்கம் திரும்பியது. அதன் முன்னே ஒரு சமதளம் முளைத்தது. திங்கட்கிழமை அளக்க வருகிறேன் என்றும் எழுதினார் அஃபிக். நான் போட்ட கூச்சலில் தயாளன் ஓடி வந்துவிட்டான்.

அக்கா நிதானமாகத் தன் அம்பை அழித்தார். "கோளாறு சரியானா அம்ப எடுத்துடணும்." பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"திங்கக்கெழம நானும் கீழ இருக்கணும். தூக்குங்க. இந்தத் தடவ கண்ண மூட மாட்டேன்."