ஆனித் திருவிழாவில் ஒரு சினிமாக் கப்பல்

பேத்தி நேற்று கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ஏதோ வெளிநாட்டுப் பூங்காவில், ஒரு சினிமாவை வைத்துச் செய்த சவாரியை மூடுகிறார்களாம். கடைசியாக ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நடுத்தர வயது ஆள் ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுகிறார். “பாவம் தாத்தா” என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து மருமகன் வாசல் கதவுக் கீலுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் ஒரு சினிமாக் கப்பலில் ஏறியவன்தான். அது இல்லாமல் போனபோது நான் அழவில்லை, நிம்மதியாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் வந்தால் ராட்டினங்களும் வந்துவிடும். ஒரு வருஷம் கப்பல் வந்தது. அப்போது ராஜா படமென்றால் அதில் ஒரு கப்பலாவது இருந்தாக வேண்டும், அந்த ஆசையைக் காசாக்க எவனோ கண்டுபிடித்த வேலை. நாலு சங்கிலியில் தொங்கும் பெரிய மரப்படகு. முன்னால் சிங்கமுகம், பார்க்கப் பூனை மாதிரி இருக்கும். நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்து ஆட்டுவார்கள். இரண்டு பக்கமும் நீலத் துணியை உதறினால் அலை, தகரத்தை உலுக்கினால் இடி. ஒருவன் வாளியிலிருந்து தண்ணீரை அள்ளி நம் மேல் வீசுவான். காகிதக் கிரீடமும் தகர வாளுமாக ஒரு ஆள் ஒலிபெருக்கியில், “புயல் வருகிறது, பிடித்துக்கொள்ளுங்கள்” என்று கத்துவான். சங்கிலிக்குப் பூசிய கிரீஸ் வெயிலில் உருகி எல்லார் சட்டையிலும் சொட்டும். துவைத்தாலும் போகாது.

நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு ஆபீசில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் அறை. கூட இருந்தவன் ராமநாதன், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. அறை பார்க்கப் போன அன்றே வீட்டுக்காரர், “கவிச்சி வாடையே ஆகாது எங்களுக்கு. உங்க வீட்ல என்ன தொழில்?” என்று கேட்டார். என் அப்பா கடலூர்க் கடற்கரையில் கட்டுமரம் ஏறியவர். நான், “நெல் வியாபாரம்” என்றேன். வாயில் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒருமுறை சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ராமநாதனிடம் அந்த வருஷ நெல் விலையைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறேன். அவனுக்கு நெல்லைப் பற்றித் தெரியும், எனக்குத் தெரியாது. எப்படித்தான் பொறுத்துக்கொண்டானோ.

திருவிழாவுக்கு என் மாமா வந்தார். அக்காவின் புருஷன். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்துக்காகக் கடலுக்குப் போனவர் அவர்தான். காடாம்புலியூர்ப் பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, புதுச் செருப்புத் தேய்த்த கொப்புளத்தோடு அறை வாசலில் நின்றார். “மச்சான், உங்கக்கா குடுத்துட்டு வரச் சொன்னா.” வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் பழத்தை உள்ளே உருட்டிவிட்டு, “வாங்க மாமா, கப்பல் காட்டுறேன்” என்று இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குச் சந்தோஷம். மச்சான் நம்மை ஊர் சுற்றிக் காட்டுகிறான் என்று நினைத்திருப்பார்.

சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும்போது முதுகில் ஒரு தட்டு. ராமநாதன். ஆபீஸ் ஆட்கள் இன்னும் இரண்டு பேர் கூட. மாமாவை என்னவென்று சொல்வது என்று யோசிப்பதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. மாமா படகின் அருகில் போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்தப் பூனைமுகச் சிங்கத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வலது காலை எடுத்து வைத்து ஏறினார்.

கிரீடக்காரன் ஒலிபெருக்கியிலேயே, “பெரியவரே, கோயில் அந்தப் பக்கம். இங்க செருப்போடவே வரலாம்” என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது.

மாமா கோபப்படவில்லை. “எதுவா இருந்தா என்ன தம்பி, ஏறி ஒக்கார்ற மரம். நாங்க செருப்போட ஏற மாட்டோம்” என்றார்.

“யாருய்யா இவரு, ஒனக்குத் தெரிஞ்சவரா?” என்று ராமநாதன் கேட்டான். நான் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். “எங்க ஊர்ப்பக்கத்து ஆளு. பழம் கொண்டாந்து போட வந்தவரு. கடக்கரை ஆளுங்க இப்படித்தான்” என்றேன். சொல்லிவிட்டுச் செருப்புக் காலோடு ஏறினேன். நானும் எங்கள் கட்டுமரத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஏறி வளர்ந்தவன்தான்.

இடம் மாமாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. படகு ஆடியது, துணி அடித்தது, தகரம் இடித்தது. ராமநாதன் அலறினான். மாமா மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாளித் தண்ணீர் அவர் முகத்தில் விழுந்தது. உதட்டை நாக்கால் துடைத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, “உப்பே இல்லீங்களே சார்” என்றார்.

நான் சொன்ன பொய் உடைந்துபோகாமல் இருக்கட்டும் என்று அவர் செய்த உதவி அந்த ‘சார்’. இறங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். “அப்ப நான் வர்றேன் சார். பழம் வெட்டறப்ப கையில எண்ணெய் தடவிக்குங்க” என்று சொல்லிவிட்டு ரயிலடிப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பழத்தைத் தின்றோம். நல்ல இனிப்பு. நானும் தின்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருஷம் கப்பல் வரவில்லை. வேறு ஊரில் சங்கிலி அறுந்ததாகச் சிலர் சொன்னார்கள், விறகுக் கடைக்குப் போனதாகச் சிலர் சொன்னார்கள். அது போய்விட்டால் நான் செய்த காரியமும் போய்விடும் என்று அற்பமாக நினைத்துக்கொண்டேன். எங்கே போகும்? ஊருக்குப் போனால், “சார் வந்துட்டாரு, தண்ணி குடு” என்று மாமா அக்காவைக் கூப்பிட்டுச் சொல்வார். குரலில் குத்தல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். துளியும் இருக்காது. மன்னிப்புக் கேட்க பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வருவேன். ஒருநாள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம், “மாமா, அன்னிக்கு சிதம்பரத்துல…” என்று ஆரம்பித்தேன். “காத்து மாறுது சார், வெயில்ல நிக்காதீங்க, வூட்டுக்குப் போங்க” என்றார். போனேன். போகச் சொன்னது வசதியாகத்தான் இருந்தது.

ராட்டினம் போட்ட அந்தத் திடலில் இப்போது வரிசையாகக் கடைகள். அந்தக் கட்டுமரமும் இல்லை, மாமாவும் இல்லை. என்னை மச்சான் என்று கூப்பிட இனி ஆள் கிடையாது. அவர் இருந்த காலத்திலேயே அந்த அழைப்பு இல்லாமல்தான் போயிருந்தது.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பிட்டு முடித்த உறவுக்காரர்களிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். “எந்தம்பி வேலைக்குப் போன பொறவு ஒரு நாளும் பேர் சொல்லி, மொற சொல்லிக் கூப்புட்டதில்ல அவுரு. சாருன்னுதான் கூப்புடுவாரு. படிச்சவன்னு அம்புட்டு மரியாத.” சொல்லிவிட்டு ஈரக்கண்ணோடு என் பக்கம் திரும்பினாள். “இல்லியா தம்பி?”

“ஆமாக்கா” என்றேன்.