பையனைப் பதிவு செய்த அக்கா

ஈரத்துணியும் கையுமாக, வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய ஆள்காட்டி விரலையும் துடைத்துக்கொண்டு வருகிறாள் டச் டேபிள் அக்கா. விரல் காய்ந்துபோயிருந்தால் தொடுதிரைக்கு யாரோ தொடுகிறார்கள் என்பதே தெரியாதாம். கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, மேசை முழுக்கத் திரை, திரைக்குள் ஒரு குளம். தொட்டால் மீன் ஓடும். ஓடாவிட்டால் தொட்டவருக்குக் கோபம் வரும். "மெஷின்கிட்ட கோவப்படாதீங்க சார், அது நம்ம எல்லாரையும்விட வயசுல சின்னது" என்பாள்.

மறதி நோய் வந்தவர்கள் தங்கியிருக்கும் இந்த இல்லத்தில் என் அம்மாவுக்குச் சமையலறை வேலை. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்த நாட்களில் நான் இங்கேதான் கிடப்பேன். ஒருநாள் மீனைத் தொட்டால் நாய் குரைக்கும்படி மாற்றிவைத்தேன். மாதக்கணக்கில் முகத்தில் அசைவே இல்லாத பழைய கணக்கு டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா என் காதைத் திருகினாள். நாயை மட்டும் எடுக்கவில்லை.

இங்கே வருவதற்கு முன் பத்து வருடம் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தவள். மேலங்கிப் பையில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரும் ஒரு சாக்லேட்டும் எப்போதும் இருக்கும். கேட்டால் தரமாட்டாள். "பேட்டரி டவுன் ஆனா எனக்கு வேணும்டா." நாள் முழுக்க வாய் ஓயாது. ஆனால் இங்கே தங்கியிருப்பவர்களில் யாராவது பேசத் தொடங்கினால் கப்பென்று மூடிக்கொள்வாள். அவர்கள் சொல் கிடைக்காமல் தடுமாறினாலும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். "அவங்க வார்த்தைய அவங்களே தேடி எடுக்கட்டும். நாம என்ன ரயிலா புடிக்கப் போறோம்?"

பிரேக் சார் என்று ஒருவர். முப்பது வருடம் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சக்கர நாற்காலியை யார் தள்ளினாலும், திருப்பம் வந்தால் அவர் வலது கால் தானாக அழுந்தும். விடிந்தால் ஒரே கேள்வி: "பையன் கூப்பிட்டானா?" பையன் தொலைதூரத்தில். ஞாயிறு நாலு மணிக்குத் தவறாமல் வீடியோவில் வருவார். சாருக்கோ தினமும் ஞாயிறு. பையன் கூப்பிடும்வரை சாப்பாட்டைத் தொடமாட்டார். சட்டை அவர்மேல் தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனது.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பதிவு செய்தாள். துண்டு துண்டாக வெட்டினாள். பையன் கேட்டு முடித்த பிறகு சார் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாரோ, அவ்வளவு மௌனத்தை இடையில் ஒட்டினாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால் ஏழு நொடி. "கால்வலி தேவலையா?" என்றால் பத்து. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். மதியம் தட்டு வரும்போது அதைப் போட்டால், சார் பையனோடு பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் வெங்காயம் என்றாள்.

சந்தோஷம் தாங்காமல் அக்கா அதைப் பையனிடம் சொன்னாள். வினை அங்கேதான் தொடங்கியது. "சூப்பர்க்கா, இப்பதான் மனசு லேசாச்சு" என்றார் அவர். அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம், "மீட்டிங்க்கா. அதான் ரெக்கார்டு இருக்கே, போட்டுடுங்களேன்." ஐந்து மாதம் ஆளையே காணோம். சாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அக்காவுக்குத்தான் தெரிந்தது. "குழந்தை அழுவுதேன்னு பால்பாட்டிலைக் குடுத்தேன்டா. தாய்க்காரி நிம்மதியா கிளம்பிப் போயிட்டா." இங்கே தங்கியிருக்கும் வேறு மூன்று பேருடைய வீட்டார், தங்களுக்கும் அதேபோல் ஒன்று செய்து தரச்சொல்லி வந்து நின்றார்கள். மெஷின் ரிப்பேர் என்று கூசாமல் பொய் சொன்னாள்.

தினம் ஒரு மெசேஜ் போட்டு நச்சரித்து, போன ஞாயிறு பையனை எப்படியோ திரைக்கு வரவழைத்துவிட்டாள்.

"அப்பா! எப்படிப்பா இருக்கீங்க? முடியெல்லாம் கொட்டிடுச்சே! என்னைத் தெரியுதா? மாத்திரை போடறீங்களா? அப்பா?"

நடுவில் ஊசி நுழைய இடமில்லை. சார் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கால் பலகையில் அவர் வலது கால் அழுந்தியது. அக்கா பக்கம் திரும்பினார்.

"யாரும்மா இந்தாளு? விடாம பேசறான். என் பையன் வர்ற நேரம் இது. அவனைப் போடு."

திரையில் இருந்தவரின் கை அழைப்பைத் துண்டிக்க நீண்டது. அக்காவின் விரல் பழைய பதிவின் பக்கம் போனது. ஒரு தட்டு தட்டினால் போதும், சார் முகம் மலர்ந்துவிடும். போன விரல் தொடாமலே திரும்பி வந்தது.

"தம்பி, கட் பண்ணிடாதீங்க. சாப்பிட்டீங்களாப்பான்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டு நான் சொல்ற வரைக்கும் சும்மா இருங்க."

நாற்காலிக்குப் பின்னால் போய், பையன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள். ஏழு விரல்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

ஒரு விரல் மடங்கியது. சார் உதட்டை நனைத்துக்கொண்டார். இரண்டு. மூன்று. பையனுக்கு வாய் துடித்தது. அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாலு. ஐந்து. ஆறாவதும் மடங்கி, ஒரே ஒரு விரல் மிச்சம் நின்றது. சார் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். அக்கா அந்த விரலை மடக்கவில்லை. மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக மறுபடி விரிக்கத் தொடங்கினாள்.