ஃபிளெக்ஸில் ஏறிவிட்ட ஸ்டெல்லா

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் எங்கள் மெல்லிசைக் குழு பிரபலம். நான் தபேலா. பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தபின் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டோம். போன வருடம் பழைய ஆட்கள் கூடுவதாக ஏற்பாடு. மறைந்தவர்களின் படங்களோடு ஃபிளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் பாடகி ஸ்டெல்லாவின் படத்தையும் கொடுத்துவிட்டேன். இருபது வருடமாக அவர் பாடி யாரும் கேட்கவில்லை. அதுதான் என் ஆதாரம்!

ஜீவனஹள்ளி ஃபிளெக்ஸ் கடையில், கம்ப்யூட்டரில் படங்களுக்குக் கீழே மெழுகுவத்தி வைத்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்தினாள்.

"அங்கிள், இவங்க நம்ம கடை மாடியில இருக்குற ஆண்ட்டி. காலையிலகூட தண்ணி புடிச்சிட்டிருந்தாங்களே!"

அச்சாகி மண்டபத்தில் தொங்கியிருந்தால்? மாடியேறிக் கதவைத் தட்டினேன். ஸ்டெல்லாவே திறந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"ஐயோ ராஜு, நீ உயிரோடவா இருக்க? உன் ஆத்மா சாந்திக்கு சர்ச்சுல பூசையே வெச்சிட்டேனேப்பா!"

இருவரும் சிரித்து ஓய்ந்தபின் கீழே இறங்கி, அவர் படத்தை அந்த வரிசையிலிருந்து எடுக்கவைத்தேன். பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது மாதம் ஒருமுறை பழைய ஆட்கள் எல்லோருக்கும் போன் போடுகிறேன். எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய்விடுகிறேன். ஃபிளெக்ஸுக்குப் படம் மட்டும் தேடுவதில்லை.