கம்மியாவல

மலையில் இருக்கிற சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தபடி கள்ளக்குறிச்சி டாக்டரை வீடியோவில் பார்த்தால் ஒரு நோயாளிக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போடுவது என் வேலை. திரை, பேட்டரி, இணைய லைன், பக்கத்தில் நிற்கிற நர்ஸின் நேரம், எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இந்த வேலையைப் பற்றி வீட்டில் கொஞ்சம் அலட்டிக்கொண்டும் இருந்தேன்.

என் தங்கையைக் கல்வராயன் மலையில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். புருஷன் பெண்டாட்டி இருவரும் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்று வலி. வீடியோவில் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளும் வரச்சொல்லி, வலி கம்மியாவுதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அப்புறம் நடந்ததை, அவள் சாவு வீட்டில் வைத்து அவள் புருஷன் என்னிடம் சொன்னான்.

"கம்மியாவலன்னுதான்க்கா சொல்லிச்சு. அதுக்குள்ள படம் அப்டியே நின்னுபோச்சு. மறுபடி வந்தப்ப டாக்டரு, நல்லது, அதே மாத்திரைய போடுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. நர்ஸம்மா வெளிய அடுத்த ஆள கூப்புட போயிருந்தாங்க."

"நீ திருப்பிச் சொல்றதுதானே?"

"சொல்லத்தான் எழுந்தேன். அவ்ளோ பெரிய டாக்டரு, அவருக்குத் தெரியாததா, வான்னு உங்க தங்கச்சிதான் கைய புடிச்சி இஸ்துக்கினு வந்துச்சு."

லைன் விழுங்கியது கடைசி 'ல' என்ற ஒரு எழுத்தைத்தான். அன்று இரவே குடல்வால் வெடித்து, விடிந்ததும் ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் தூக்கிப்போகும்போதே உயிர் இல்லை. வீட்டில் என்னை ஒரு வார்த்தை பேசவிடாத வாயாடி, அங்கே போய் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். அந்த மாதக் கணக்கில் பெயர் இல்லாமல் அவள் ஊரும் வயதும் மட்டும் போட்ட ஒரு வரி இருந்தது. வீடியோவோடு முடிந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாத ஆட்களுக்கு பஸ் செலவு மிச்சம் என்று எழுதுவது வழக்கம்.

"இவங்க மறுநாள் இறங்கி வந்தாங்க சார்," என்றேன்.

"நாம அனுப்பலையேம்மா. அவங்களா வந்தது. இதுல சேராது," என்றார் மேலதிகாரி.

"என் தங்கச்சி சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மீதியைத் தானே முடித்துக்கொள்வதாகவும் என்னை வீட்டுக்குப் போகும்படியும் சொன்னார். நல்ல மனிதர். நான்தான் விடவில்லை. அவளை இன்னொருவர் கூட்டிக் கழிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேர் கள்ளக்குறிச்சிக்குப் போய்வர ஆகும் பஸ் டிக்கெட் மிச்சம் என்று என் கையாலேயே எழுதினேன். அவள் உடலை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோன வண்டியின் வாடகையை எழுத அதில் இடம் இல்லை.