ஒரே பெண் என்றாள் அம்மா

என்னைப் பெண் பார்க்க ஊரின் மறுகோடி சால்ட் லேக்கிலிருந்து வந்தார்கள். பவானிபூரில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்த களைப்பு தீருவதற்குள் பையனின் அம்மா கேட்டாள், "ஒரே பொண்ணா?"

"ஆமாம், ஒரே பொண்ணுதான்" என்றாள் அம்மா. அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு தம்பி இருந்தான். தலசீமியா. பதினோரு வயதில் போய்விட்டான். நம் சிவப்பணு நாலு மாதம் தாங்கும். அவனுடையது வந்த வேகத்தில் உடையும். வெள்ளையணு, தட்டணு எதிலும் பெரிய குறையில்லை, இந்த ஒன்றுதான் சண்டித்தனம் செய்தது. மாதாமாதம் ரத்தம் ஏற்றினோம். தெருமுனை கிளப் தாதாக்கள், வங்காளியில் தாதா என்றால் அண்ணன், ரத்ததான முகாம் போட்டு அவனுக்காகக் கையை நீட்டினார்கள். ஏற்றிய ரத்தத்திலிருந்த இரும்பே கடைசியில் அவன் இதயத்தில் படிந்து ஆளை முடித்தது. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்து தேய்ந்தவள் வாயிலிருந்துதான் இந்த "ஒரே பொண்ணு" வந்தது.

காரணமும் எனக்குத் தெரியும். நான் கேரியர், அந்தக் குறையை ரத்தத்தில் சுமப்பவள். அது நோயில்லை, சிவப்பணு கொஞ்சம் சின்னது, ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கட்டிக்கொள்கிறவனும் கேரியராக இருந்தால்தான் வம்பு. அப்போது பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் தம்பியின் கதி வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பையன் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் விஷயம் தெரிந்துவிடும். கீழ்வீட்டு வங்காளிப் பெண் நிச்சயத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையைக் கையோடு லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் ஆட்களுக்கோ ஜாதகம் பொருந்தினால் போதும். செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறான் என்று தோண்டித் துருவுவார்கள், ரத்தம் என்று வாயெடுத்தால் மட்டும் மானம் கப்பலேறிவிடும். முதல் நாளே அம்மா சொல்லி வைத்திருந்தாள்: "கேட்டா, சாதாரண ரத்த சோகை, மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லு."

காபியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். "எனக்கு ஒரு தம்பி இருந்தான், மாமி. தலசீமியாவில போயிட்டான். நான் கேரியர். உங்க பிள்ளையும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கணும்."

மாமி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "எங்க பிள்ளைக்கு என்ன குறைச்சல்? அவன் எதுக்குப் பண்ணிக்கணும்?" என்றவள், அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ஏன் மாமி, இது ஒட்டிக்குமோ?"

அந்தத் தடியன் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஓர் ஊசி குத்திக்கொள்ள அவனுக்காக அவன் அம்மா மறுக்கிறாள், அவன் அடுத்த வீடியோவுக்குத் தாவினான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"ஒட்டாது" என்றாள். "பதினோரு வருஷம் என் மடியிலதான் கிடந்தான். அவனுக்கும் யார்கிட்டேயிருந்தும் ஒட்டலே. நானும் இவரும்தான் குடுத்தோம். நாங்க தெரியாம குடுத்தோம், மாமி. நீங்க தெரிஞ்சுண்டே குடுக்கப் போறேளா?"